மாதம் எவ்வளவு?

நம் மக்களுக்கு விலை பேசத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் கோலா கங்சார் பாசார் மாலாமில் ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கு என் பாட்டி நடத்தும் வாக்குவாதத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். தீபாவளிக்கு ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போனால் மூன்று கடை ஏறி இறங்காமல் ஒரு சேலை வாங்கமாட்டார்கள். ஆனால் இதே மக்கள், வாழ்நாளில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய தொகையைக் கொடுக்கப் போகும் இடத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மாதம் எவ்வளவு வரும்?"

நண்பர்களே, நான் இங்கே எழுத வந்தது புதிய கார் வாங்குவதைப் பற்றி. தமிழ்ப்பள்ளியில் நாம் 'மகிழுந்து' என்று எழுதினோம். வீட்டில் 'காடி' என்று பேசினோம். பெயர் எதுவானாலும் அது நமக்கு ஆடம்பரப் பொருள் அன்று. 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது என்று பெருமை பேசும் ஊர் எங்களுடையது. அந்த ரப்பரை நம்பி வாழ்ந்த நம்மவர்களோ தோட்டங்களை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டார்கள். லயத்து வீட்டிலிருந்து பால்மரக் காட்டுக்கு நடந்து போன குடும்பம் இன்று தாமான் வீட்டிலிருந்து கமுந்திங்கிற்கும் ஈப்போவிற்கும் வேலைக்குப் போகிறது. காலை ஏழு மணி வேலைக்குப் பேருந்தை நம்பிப் போக முடியுமா? ஆகவே கார் வேண்டும். வாங்குவதா வேண்டாமா என்பது இங்கே கேள்வியே இல்லை.

கடந்த ஆண்டு விடுமுறையில் என் மாமாவுடன் ஒரு கார் விற்பனை நிலையத்திற்குப் போனேன். தேசியக் கார், சாலை வரி, காப்புறுதி, பதிவு எல்லாம் சேர்த்து விலை ஏறக்குறைய 50,000 வெள்ளி. விற்பனை முகவர் நம் பையன்தான், நன்றாகப் பேசினார். மாமா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஐந்நூத்தி நாப்பத்தெட்டுதான் அங்கிள், ஒன்பது வருசம்" என்றார் அவர். மாமாவின் முகம் மலர்ந்தது. பிறகு பேரம் தொடங்கியது. கால்மிதி விரிப்பு, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், கதவுக்கு மழைத் தடுப்பு, ஒரு குடை. அரைமணி நேரம் விடாமல் பேசி எல்லாவற்றையும் இலவசமாக வாங்கிவிட்டார். பாட்டியின் பிள்ளை அல்லவா!

எல்லாம் சேர்த்தாலும் சில நூறு வெள்ளி. அவ்வளவு நேரம் பேசியதில் வட்டி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

கார் விலையைப் பொறுத்தவரை, பேசிக் குறைக்கக்கூடியது குறைவு என்பது உண்மைதான். தேசியக் கார்களுக்கு நிறுவனமே விலைப்பட்டியல் போடுகிறது. முகவர் சொந்தமாகத் தரும் கழிவு பெரும்பாலும் அவருடைய தரகுப் பணத்திலிருந்து வருகிறது. வாங்க ஆள் வரிசையில் நிற்கும் மாடலுக்கு அதுவும் கிடைக்காது. ஆண்டு இறுதியில் விற்காமல் நிற்கும் வண்டிக்கும், போன ஆண்டு தயாரித்த வண்டிக்கும் நல்ல கழிவு கேட்கலாம். ஆனால் பின்னாளில் விற்கும்போது அதே ஆண்டுக் கணக்கு நமக்கு எதிராகத் திரும்பும்.

பேரம் பேச வேண்டிய இடம் கடன் தாள். மாமாவுக்கு முன்பணம் 5,000, கடன் 45,000, வட்டி ஆண்டுக்கு 3.5 விழுக்காடு. நம் நாட்டு வாகனக் கடனில் பல்லாண்டுகளாக இருந்துவந்த முறை, பள்ளியில் நாம் போட்ட தனிவட்டிக் கணக்கேதான். 45,000-க்கு ஓராண்டு வட்டி 1,575. ஒன்பது ஆண்டுக்கு 14,175. ஆக மொத்தம் 59,175. அதை 108 மாதத்தால் வகுத்தால் 547 வெள்ளி 92 காசு. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் அந்த முறையில் வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே போடப்பட்டு வந்தது என்பதைக் கவனியுங்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அந்த 3.5 உண்மையில் 6 விழுக்காட்டுக்கும் மேல்.

மொத்தம் எவ்வளவு என்று நான் கேட்டபோது முகவர் கைப்பேசியில் தட்டிப் பார்த்துச் சொன்னார். அவர் எதையும் மறைக்கவில்லை; யாரும் அவரிடம் அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். வேறு வங்கியிலும் விண்ணப்பித்துப் பாருங்கள் என்று சொன்னோம். மறு வாரம் இன்னொரு வங்கி 3.2 விழுக்காட்டுக்கு ஒப்புக்கொண்டது. 0.3 என்பது கண்ணுக்குத் தெரியாத எண். ஒன்பது ஆண்டில் அது 1,215 வெள்ளி. எத்தனை குடை வாங்கலாம்!

காப்புறுதியும் அப்படித்தான். 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதியின் கட்டணம் எல்லா நிறுவனத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, கேட்டு ஒப்பிடலாம். பழைய காரில் இழப்பீடு கோராமல் ஓட்டியவருக்கு 55 விழுக்காடு வரை சேரும் கழிவை அவர் பெயரில் வாங்கும் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாமா தம் பழைய சாகாவை எத்தனையோ ஆண்டு ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். இந்தக் கழிவு தம்முடையது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஏழாண்டுக் கடன் எடுத்தால் வட்டி இன்னும் குறையுமே என்று நான் சொன்னேன். 3.2 விழுக்காட்டில் ஒன்பது ஆண்டுக்கு மாதம் 537, ஏழாண்டுக்கு 656. மாமா சிரித்தார். அந்த 119 வெள்ளியில் வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கியதும் நான் வாயை மூடிக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து சிக்கனம் போதிப்பது எளிது. மாதச் சம்பளத்தில் கடைக்கணக்கைக் கழித்துவிட்டு மிச்சத்தில் வாழ்ந்த தலைமுறையின் பிள்ளைகள் 'மாதம் எவ்வளவு' என்று கேட்பதில் வியப்பில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதோடு 'மொத்தம் எவ்வளவு' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன்.

ஏனென்றால் இடையில் ஏதாவது நேர்ந்தால் தெரியவரும் உண்மை கசப்பானது. முன்கூட்டியே கடனை அடைப்பவர்களுக்கு வட்டித் தள்ளுபடியை '78 விதி' என்ற முறையில் கணக்கிட்டு வந்தார்கள். அதில் தொடக்க மாதங்களின் தவணையில் வட்டியே பெரும்பங்கு. முதலில் சொன்ன 3.5 விழுக்காட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு தவறாமல் 32,875 வெள்ளி கட்டியவர், ஆறாம் ஆண்டில் காரை விற்க நினைத்தால், இன்னும் ஏறக்குறைய 23,470 வெள்ளி கட்ட வேண்டும். கடனில் பாதிக்கு மேல்! இந்த முறையை ஒழிக்க வேண்டும் என்ற பேச்சு 2025-இல் நாடாளுமன்றம் வரை போனது, நல்லதுதான். ஆனால் சூத்திரம் மாறுவதால் மட்டும் கேட்கத் தெரியாதவர் கேட்கத் தொடங்கிவிடுவாரா?

மலாயில் இந்தக் கடனுக்குப் பெயர் 'செவா பெலி'. செவா என்றால் வாடகை, பெலி என்றால் வாங்குதல். இரண்டாவது சொல்தான் நம் காதில் விழுகிறது. கடைசித் தவணை வரை நாம் வாடகைக்காரர், வண்டி வங்கியினுடையது. இரண்டு மாதம் தொடர்ந்து கட்டாவிட்டால் 21 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு இழுத்துப் போகலாம். 'காடியை இழுத்துட்டான்' என்ற சொல் நம் தாமான்களில் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது! அதே 1967 ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் நமக்கும் சில உரிமைகளைத் தருகிறது. முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை இல்லாமல் இழுக்க முடியாது. ஒப்பந்தத்திற்கு முன்பே விலை, முன்பணம், வட்டி, மொத்தம் எல்லாம் எழுதிய அறிக்கையை நமக்குத் தர வேண்டும். நிரப்பாத தாளில் கையொப்பம் கேட்பது குற்றம். ஆனால் 'பிறகு நான் நிரப்பிக்கொள்கிறேன் அங்கிள்' என்றால் நம்மில் எத்தனை பேர் பேனாவைக் கீழே வைப்போம்? நண்பனுக்காகத் தம் பெயரில் கார் எடுத்துக் கொடுத்தவர்களின் கதை தனிக் கட்டுரைக்குரியது.

அந்தத் தாள்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவர்களுக்கு அவற்றைத் தமிழில் விளக்க யார் இருக்கிறார்கள்? இரண்டு பள்ளிகளிலும் படித்துவிட்டு வந்த நாம் இருக்கிறோம். நம் தமிழ்மொழிக் கழகங்கள் ஆண்டுதோறும் சொற்போர் நடத்துகின்றன, கலை இரவு நடத்துகின்றன, தேர்வுக் கருத்தரங்கு நடத்துகின்றன. கூடவே கோலா கங்சாரிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு கோயில் மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பெரியவர்கள் கொண்டுவரும் கடன் தாள்களைத் தமிழில் வாசித்துக் காட்டலாமே! பேச்சாளர் வேண்டாம், மேடை வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். நான்கு மாணவர்களும் நான்கு கணிப்பொறிகளும் போதும். அதைத் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே வைக்க வேண்டும். பிறகு வைத்தால் பாதிப் பேர் கையொப்பம் போட்டுவிட்டுத்தான் வருவார்கள்.