தொப்புள்கொடிக்குப் பெட்டகம் எதற்கு?

குறிஞ்சிப்பாடியிலும் நெய்வேலி நகரியத்திலும் பேறுகாலத்தை எதிர்நோக்கும் தாய்மாரிடம் இன்று ஓர் அச்சம் விற்கப்படுகிறது. மகவின் தொப்புள்கொடி இரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்காவிடில், நாளை அப்பிள்ளைக்குப் புற்றுநோய் வந்தால் பெற்றோரே பொறுப்பாளிகள் என்னும் அச்சம். நகையை அடகு வைத்தேனும் தவணை கட்டத் துணிவோர் உளர். "திருச்சபையே இதைத் தடுக்கவில்லையே" என்று கோவில் முற்றத்தில் சான்று பகர்வோரும் உளர். இவ்விரு சாராரையும் மறுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உயிரணுவின் ஒழுங்கைக் குறிஞ்சிப்பாடி நெசவாளர்க்கு விளக்குவது எளிது. பாவில் ஓர் இழை அறுந்தால் அவர் தறியை நிறுத்துவார். இழையை முடிந்த பின்னரே மீண்டும் ஓட்டுவார். உயிரணுவும் இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப்பொருளைப் படியெடுக்கிறது. பிழை கண்டால் நின்று திருத்துகிறது. திருத்த இயலாவிடில் தன்னையே மாய்த்துக்கொள்கிறது. இச்சுழற்சியை நடத்தும் புரதங்களை ஆராய்ந்த ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் ஆகிய மூவர்க்கும் 2001-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. தறியை நிறுத்தும் காவலருள் தலையாயது பி53 என்னும் மரபணு. மனிதப் புற்றுகளுள் ஏறத்தாழப் பாதியில் அது பழுதுற்றிருக்கிறது. காவல் கெட்டபின் அறுந்த இழையோடே தறி ஓடுகிறது, நெய்யப்படுவது புற்று.

இங்கேதான் விற்பனையாளரின் வாதம் சரிகிறது. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப்புற்றுகள் பலவற்றில் முதற்பழுது கருப்பையிலேயே நேர்ந்துவிடுகிறது. அப்பழுது தொப்புள்கொடி இரத்தத்திலும் இருக்கக்கூடும். நோயின் வித்தையே மருந்தென்று பேழையிலிட்டுப் பாதுகாப்பதா? அன்றியும், பிறர் தந்த அணுக்களே எஞ்சி நிற்கும் புற்றணுக்களை அந்நியமென அறிந்து தாக்க வல்லவை. தன்னுடைய அணுக்களுக்கு அவ்வாற்றல் இல்லை. தன் பிற்காலப் பயனுக்கென்று இவ்விரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லையென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. வீட்டில் மூத்த பிள்ளைக்கு மாற்று அணுக்களால் தீரும் நோய் ஏற்கெனவே இருப்பின், இளைய மகவின் இரத்தத்தைச் சேமிப்பது பொருளுடையது. அதை மறுக்கவில்லை. நலமாயுள்ள இல்லங்களில் அச்சத்தை விதைப்பதையே சாடுகிறோம்.

திருச்சபை தடுக்கவில்லை என்பது உண்மையே. 2008-இல் வெளியான 'திக்னித்தாஸ் பெர்சோனே' அறிவுரை, பிறப்பின்போது கிடைக்கும் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பெறுவதை ஏற்கிறது. கருவை அழித்துப் பெறுவதைக் கண்டிக்கிறது. ஒன்று பாவமன்று என்பதால் அதை விலைகொடுத்து வாங்கியாக வேண்டுமென்று யார் சொன்னார்?

இதற்கு நேர்மாறான பிழையும் நம்மிடையே உண்டு. ஸ்டெம் செல் என்றாலே கருவழிப்பு என அஞ்சி, உடன்பிறந்தார்க்கு எலும்பு மச்சை தரவும் தயங்குகிறோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் செய்துவரும் மச்சை மாற்றுச் சிகிச்சை, குருத்தணுச் சிகிச்சையே அன்றி வேறென்ன? அதில் எந்தக் கருவும் அழிவதில்லை. கொடுத்தவர் உடலில் அவ்வணுக்கள் சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடுகின்றன.

உடன்பிறந்தார் ஒருவரின் அணு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பொருந்தாதோர் முன்பின் அறியாதவரின் கையை எதிர்பார்த்தே கிடக்கின்றனர். அத்தகையோர்க்கெனக் கொடையாளர் பெயர்களைத் திரட்டும் 'தாத்ரி' பதிவகம் 2009 முதல் சென்னையில் இயங்குகிறது. அங்கே பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றித் தந்தால் போதும். பங்குத் திருவிழாவுக்கு வாணவேடிக்கை ஏற்பாடு செய்யும் நம் இளைஞர் இயக்கத்தார், அதே நாளில் கோவில் மண்டபத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு இதற்கு இடம் தரலாகாதா?