ஒத்து ஊதும் வாத்தியம்

“ஒத்து ஊதுகிறான்” என்றால் அது புகழ்ச்சியன்று என்பது தாராசுரத்துக் குழந்தைக்கும் தெரியும். நாகஸ்வர வித்வானுக்குப் பின்னால் நின்று ஒரே சுருதியை இடைவிடாமல் ஊதியவர் ஒத்துக்காரர். இன்று அவருடைய இடத்தைப் பெரும்பாலும் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. வசை மட்டும் தங்கிவிட்டது. ஆனால், அவர் என்ன செய்வார், பாவம்! அவர் குழலில் ராகம் வாசிக்க விரல் துளைகளே கிடையா.

மேனாட்டு வாத்தியக் கோஷ்டியில் டூபா என்னும் பெரிய பித்தளைக் குழலுக்கும் பின் வரிசைதான். 1835-ல் பெர்லினில் விப்ரெக்ட், மோரிட்ஸ் என்ற இருவர் அதற்கு உரிமை பெற்றனர். கனத்த கீழ் ஸ்வரங்களைத் தாங்குவதே அதன் தொழில். ஆயினும் அதன் வால்வுகளை அழுத்தினால் எல்லா ஸ்வரங்களும் பேசும். பேசச் சொல்வார்தாம் இல்லை. 1954-ல், 81 வயதான வான் வில்லியம்ஸ் என்ற ஆங்கில சங்கீத மேதை டூபாவையே பிரதானமாக்கி ஒரு கச்சேரி உருப்படி இயற்றினார். லண்டன் ஸிம்பனி கோஷ்டியின் பிலிப் காட்டலினெட் முன்னே வந்து அதை வாசித்தார்.

நமது காவிரிக் கரையிலும் இது நடந்ததுண்டு. சதிர்க் கச்சேரியில் பாட்டுக்குத் துணை நின்ற கிளாரினெட்டைத் திருச்சி ஏ. கே. சி. நடராஜன் தனிக் கச்சேரி வாத்தியமாக்கினார். 2008-ல் சங்கீத கலாநிதியும் ஆனார்.

துளை இல்லாத குழல் வேறு. சந்தர்ப்பம் இல்லாத குழல் வேறு. கடைசிப் பெஞ்சுப் பிள்ளையை மட்டமாக எடைபோடுமுன், உபாத்தியாயர்களாகிய நாங்களும் பெற்றோர்களாகிய நீங்களும் இந்த வித்தியாசத்தைச் சற்று யோசிக்கலாம் அல்லவா?