துணை ஆயரும் இரண்டாம் நாற்காலியும்

துணை ஆயர் என்பவர் விழா மேடைக்கு வேண்டிய இரண்டாம் நாற்காலி என்று கருதுவோர் திருச்சபைக்குள்ளேயே உளர். அக்கருத்துக்கு இடங்கொடுத்தது சட்டமன்று, வழக்கமே.

கத்தோலிக்கத் துணை ஆயருக்கு ஆயர்நிலைத் திருப்பொழிவு முழுமையாகவே உண்டு. ஆயினும் அவர் பெயரோடு சேர்வது, என்றோ மறைந்த ஒரு மறைமாவட்டத்தின் பெயர். வாழும் மக்களுக்காக வந்தவருக்கு மாண்ட ஊரின் பட்டம்! ஆயருக்குப்பின் அவ்விருக்கையில் அமரும் உரிமையும் அவருக்கில்லை. அஃது இணை ஆயருக்கே உரியது. எனினும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், துணை ஆயரை முதன்மைக் குருவாகவோ ஆயரின் பதில் குருவாகவோ அமர்த்தப் பணிக்கிறது. அதிகாரமின்றி அவரை வைத்திருத்தல் அச்சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது.

பள்ளியை அறிந்தோர்க்கு இது புதிதன்று. கையொப்பமிட இயலாத துணைத் தலைமையாசிரியரிடம் எந்தப் பெற்றோர் இருமுறை வருவர்?

பேராக்கைப் பாருங்கள். 1955இல் உருவான பினாங்கு மறைமாவட்டத்துள் அது அடங்கும். பினாங்கு, கெடா, பெர்லிஸ், கிளந்தானும் உடன் அடங்கும். இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின் ஈப்போவின் ஓரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, உறுதிபூசுதலன்று வந்து திரும்பும் ஓர் ஆயர் போதுமா? மறைமாவட்டத்துக்குத் தலை ஒன்றே என்பர். ஒன்றேதான், அத்தலைக்குக் கை இரண்டிருத்தல் இழுக்கோ?

கோலாலம்பூரில் 1980இல் துணை ஆயரான அந்தோணி செல்வநாயகம், 1983 முதல் 2012 வரை பினாங்கின் ஆயராக விளங்கினார். துணைநிலையில் கற்றவர் தலைமை தாங்க வல்லவர் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

பினாங்குக்குத் துணை ஆயர் எப்பொழுது அமைந்தாலும் அவர் இல்லம் ஈப்போவில் இருக்கட்டும். பேராக்கின் பங்குகள் அவர் பொறுப்பாகட்டும். தமிழில் எழுதிவரும் விண்ணப்பத்துக்கு அவர் கையொப்பமே முடிவாகட்டும்.