காதைக் கொஞ்சம் சும்மா விடுங்களேன்!

கொண்டை ஊசி, சேஃப்டி பின், தீக்குச்சி, ஈர்க்குச்சி, பீரோ சாவி, பேனா மூடி, கோழி இறகு, சுண்டுவிரல் நகம். இதெல்லாம் என்ன பட்டியல் என்று பார்க்கிறீர்களா? நம் வீடுகளில் காது குடையப் பயன்படும் ஆயுதங்கள்! சென்ற மாதம் உறவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து பேரில் மூன்று பேர் பேச்சு சுவாரசியத்தில் தலையிலிருந்து ஊசியை உருவி, கண்ணை லேசாக மூடிக்கொண்டு, காதைக் குடைய ஆரம்பித்து விட்டார்கள். அதில் ஒருத்தி ஆசிரியை வேறு!

பழைய காலத்தில் இதற்கென்றே ஒரு சாமான் உண்டு. பெட்டிச் சாவிக் கொத்தோடு சேர்த்து, முள்வாங்கி, குறும்பிவாங்கி என்று இரண்டு குட்டிச் சாமான்களைப் பெரியவர்கள் இடுப்பில் செருகியிருப்பார்கள். இப்போது அந்த இடத்தைப் பஞ்சு சுற்றிய பட்ஸ் பிடித்துக்கொண்டு விட்டது. இதைக் கண்டுபிடித்தவர் லியோ கெர்ஸ்டன்ஸாங் என்ற அமெரிக்கர். அவர் மனைவி குழந்தையைச் சுத்தம் செய்யப் பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றுவதைப் பார்த்து 1923-ல் இதைத் தயாரித்து விற்க ஆரம்பித்தாராம். இன்றைக்கு அநேகமாக எல்லாக் கம்பெனிக்காரர்களும் 'காது துவாரத்துக்குள் விடாதீர்கள்' என்று டப்பாவிலேயே பொடி எழுத்தில் அச்சடித்து விடுகிறார்கள். யார் படிக்கிறோம்?

குறும்பிக்கு நாம் 'காது அழுக்கு' என்று பேர் வைத்ததில்தான் வினையே ஆரம்பிக்கிறது. அழுக்கு என்று சொன்னால் எடுத்துப் போடத்தானே தோன்றும்? உண்மையில் அது அழுக்கே இல்லை. காது துவாரம் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. அங்கே ஊறும் எண்ணெய்ப் பசையும், உதிரும் தோல் பொடியும், காற்றில் வரும் தூசியும் சேர்ந்ததுதான் குறும்பி. தண்ணீர் உள்ளே ஊறாமல் தடுக்கும். பூசணமும் கிருமியும் எளிதில் வளரவிடாது. வீட்டு வாசலில் காவலுக்கு நிற்கிறவனை நாமே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறோம்.

அப்படியே விட்டால் சேர்ந்துகொண்டே போகாதா என்று கேட்பீர்கள். போகாது. காதுக்குள் இருக்கும் தோல், ஜவ்விலிருந்து வாசல் பக்கமாக மெதுவாக நகர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. குறும்பியையும் அது கூடவே இழுத்து வருகிறது. நாம் சாப்பிடும்போதும் பேசும்போதும் தாடை அசைகிறதே, அதுவும் ஒரு கை கொடுக்கிறது. முறுக்கு கடிப்பதிலும் ஒரு பலன் இருக்கிறது பாருங்கள்! காய்ந்து வாசலுக்கு வந்ததைக் குளித்து முடித்துத் துண்டு நுனியால் துடைத்து விட்டால் தீர்ந்தது.

இதில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜவ்வுக்குப் பக்கத்தில் குறும்பி சுரப்பதே இல்லை. அங்கே கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் யாரோ உள்ளே தள்ளியதாகத்தான் இருக்கும். ஊறுகாய் ஜாடியில் மாங்காய்த் துண்டுகளைக் கரண்டிக் காம்பால் அழுத்தி அழுத்தி நிரப்புவோமே, பட்ஸ் செய்கிற வேலை அதுதான். நுனியில் கொஞ்சம் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, 'அப்பாடா, வந்துவிட்டது' என்று திருப்திப்படுகிறோம். மீதி உள்ளே போய் உட்கார்ந்து கொள்கிறது. குடைந்து குடைந்து எண்ணெய்ப் பசை போனதும் தோல் வறண்டு இன்னும் அரிக்கும், அரித்தால் மறுபடி குடைவோம். இதற்கு முடிவேது? (காது குடையும்போது சிலருக்கு இருமல் வரும், கவனித்திருக்கிறீர்களா? காதுத் துவாரத்துத் தோலுக்கு வரும் ஒரு நரம்பு, தொண்டைக்குப் போகும் நரம்பின் கிளை. அதனால்தான்.)

என் மாமியாருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது எவ்வளவு தூரம் போகும் என்று புரியும்.

அத்தைக்கு எழுபத்து நாலு வயது. நல்ல வாயாடி, வீட்டில் அவர் குரல்தான் முதலில் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பார், குழந்தைகள் குறைப்பார்கள், சண்டை வரும். காப்பி வேணுமா என்றால் "நேத்தே கட்டியாச்சு" என்பார், கரண்ட் பில்லைச் சொல்கிறார்! முதலில் சிரித்தோம். பிறகு சிரிக்க முடியவில்லை. என் நாத்தனார் போன் பேசிவிட்டு, "அம்மாவுக்கு இப்பல்லாம் என் மேல பிரியமே இல்ல, கேட்டதுக்கு 'உம்'முங்கறதோட சரி" என்று அழுதாள். கொழுந்தனார், "ஞாபகம் தப்புது, வயசாச்சுல்ல" என்று தீர்ப்பே எழுதி விட்டார். அத்தை பின்கட்டில் தனியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே இருப்பார். யார் எது சொன்னாலும் ஒரு தலையாட்டல். எனக்கு மனசு கேட்கவில்லை.

காதுக்கு மிஷின் வாங்கிவிடலாம் என்று கொழுந்தனார் கடையில் விலை விசாரித்து வந்தார். ஒரு காதுக்கே பல ஆயிரம். "முதல்ல காதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு டாக்டர் பாக்கட்டுமே" என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். காது மூக்கு தொண்டை டாக்டரம்மா குட்டி விளக்கை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். எழுந்து என் கணவரையும் பார்க்கச் சொன்னார். கருப்பட்டி மாதிரி கெட்டிப்பட்டுப் போய், இரண்டு பக்கமும் மூடி போட்டது போல் அடைத்திருந்ததாம்!

உடனே எடுக்கவில்லை. ஐந்து நாளைக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "மொத ரெண்டு நாள் இன்னும் ஜாஸ்தி அடைச்ச மாதிரி இருக்கும்மா. மருந்துல ஊறி அது உப்பும். பயந்துக்காதீங்க" என்று முன்கூட்டியே எச்சரித்தார். சொன்னது போலவே அத்தைக்குச் சுத்தமாகக் கேட்காமல் போய், நாங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டினோம். ஆறாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சிக் கழுவி எடுத்தார். பத்து நிமிஷ வேலை. வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி இது, உன் வளையல் இத்தனை சத்தம் போடுது!" என்றார். ஆட்டோவில் வரும்போது மகன் வழக்கம்போல் உரக்கப் பேச, "ஏன்டா இப்படிக் கத்தறே, நான் என்ன செவிடா?" என்று ஒரு அதட்டல். அன்று சாயந்திரம் நாத்தனாரோடு ஒரு மணி நேரம் போன் பேசினார். எங்களுக்குத்தான் காது வலித்தது!

வயதானால் குறும்பி வறண்டு கெட்டியாகுமாம். ஆண்களுக்குக் காதில் முடி அடர்ந்து வழியை மறிக்கும். ஏற்கெனவே மிஷின் வைத்திருப்பவர்களுக்கு அதுவே குறும்பியை உள்ளே தள்ளும். ஆகவே வீட்டுப் பெரியவர்களை வருஷத்துக்கு ஒரு தடவையாவது காட்டிவிடுவது நல்லது. எல்லோருக்கும் என் மாமியார் மாதிரி பத்து நிமிஷத்தில் திரும்பிவிடும் என்று சொல்லவில்லை. கழுவியபின்னும் கேட்காவிட்டால் அது வயதினால் வந்த குறையாக இருக்கலாம். அப்போது மிஷின் வைத்துக்கொள்வதில் வெட்கம் என்ன? கண்ணாடி போட்டுக்கொள்கிறோமே!

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். ஒரு நாள் காலையில் எழுந்தால் இடது காது அடைத்திருந்தது. வலி இல்லை, சளி இல்லை. அழுக்குத்தான் என்று எண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று வாரம் இருந்துவிட்டாள். பிறகு போனால், அடைப்பே இல்லை, நரம்பில் கோளாறு என்றார்கள். மருந்து கொடுத்தும் அந்தக் காது முழுசாகத் திரும்பவில்லை. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் போய்விட வேண்டும். சில நாட்களுக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் திரும்ப வாய்ப்பு அதிகம்.

டாக்டரம்மா எனக்கு ஒரு வேடிக்கை காட்டினார். நீங்களும் செய்து பாருங்கள். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள். அடைத்த பக்கத்தில்தானே சத்தம் பெரிதாகக் கேட்கிறது? குறும்பி அடைத்தாலும் அப்படித்தான். நரம்புக் கோளாறானால் நல்ல காதில் பெரிதாகக் கேட்கும். இதை வைத்து வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், எந்தப் பக்கம் கேட்டாலும் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். பாட்டி வைத்தியத்தை நான் பழிக்கிறவள் இல்லை. வீட்டில் இன்றும் இருமலுக்குச் சுக்கு, மிளகுதான். ஆனால் காது வலிக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுட விடுவது ஆபத்து. குழந்தைகளுக்குக் காது வலி பெரும்பாலும் ஜவ்வுக்குப் பின்னால் சீழ் கோர்ப்பதால் வருவது. எண்ணெய் அங்கே போகவே போகாது. ஜவ்வில் ஓட்டை இருந்தாலோ போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். சூடு தாங்காமல் தோல் வெந்து போவதும் உண்டு. தாய்ப்பாலைப் பீச்சுவதும் வேண்டாம், உள்ளே தங்கிக் கெட்டுப் போகும்.

கைக்குழந்தைக்காரிகளே, குளிப்பாட்டியதும் காதுக்கு வெளிமடிப்பையும், முக்கியமாகக் காதுக்குப் பின்புறத்தையும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பாலும் எண்ணெயும் வழிந்து தேங்குவது அங்கேதான். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். குளிப்பாட்ட வரும் பாட்டி காதில் எண்ணெய் விட்டு ஊதினால், "பாட்டி, டாக்டர் வேணாம்னுட்டாங்க" என்று பழியை டாக்டர் தலையில் போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் சமாளித்தேன்! குழந்தையின் காதிலிருந்து நாற்றமாகத் தண்ணீரோ சீழோ வந்தால் அது குறும்பி இல்லை, சும்மா விடக்கூடாது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் பட்டாணி, புளியங்கொட்டை, பாசிமணி என்று கையில் கிடைத்ததைப் போட்டுக்கொள்ளும். பயறு வகையாக இருந்தால் தண்ணீர் விடவே கூடாது, ஊறிப் பருத்துவிடும். நாமே ஊசியால் நோண்டினால் இன்னும் உள்ளே போகும். பூச்சி நுழைந்து குழந்தை துடித்தால், முன்பு ஜவ்வில் கோளாறு இல்லாத காது என்று தெரிந்தால் மட்டும், சூடில்லாத தேங்காய் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டுப் பூச்சியை அடக்கி, அழைத்துப் போய் எடுக்கச் சொல்லுங்கள். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் மாதிரி பேட்டரி மட்டும் போய்விட்டால் எண்ணெய், தண்ணீர், மருந்து எதுவும் விடாமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். சில மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாக்கி விடும்.

டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தால் விடும் முறை இது. புட்டியை இரண்டு நிமிஷம் உள்ளங்கையில் மூடி வைத்திருங்கள். ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பெரியவர்களுக்குக் காதை மேலாகவும் பின்னாகவும், சின்னக் குழந்தைக்குக் கீழாகவும் பின்னாகவும் இழுத்துப் பிடித்தால் வழி நேராகும். ஐந்து நிமிஷம் அப்படியே படுத்திருக்கட்டும். ஜவ்வில் ஓட்டை, காதில் ஆபரேஷன், சீழ் என்று ஏதாவது இருந்தவர்கள் மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கி விடக்கூடாது, நுரைத்துப் பொங்குகிற மருந்தும் சேர்த்துத்தான்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். ஊசி கீறிய சின்னப் புண் எலும்பு வரைக்கும் போய்விடும் அபாயம் அவர்களுக்கு உண்டு. ராத்திரி தூங்கவிடாமல் காது வலித்தால் தள்ளிப் போடவே கூடாது. இப்போது செல்போனில் படம் காட்டும் காமிரா வைத்த குறும்பிவாங்கி கூட விற்கிறார்கள். என் பிள்ளை ஆசையாகக் காட்டினான். ஜவ்வு பளிச்சென்று தெரிகிறது, உண்மைதான். நாம் ஆட்டும் கை நம் கைதானே, யாராவது முழங்கையில் இடித்தால்?

வீட்டில் வாங்கி வைத்த பட்ஸ் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். கல்லு வைத்த கம்மலின் பின்புறம் சேரும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அதைப்போல் ஒன்று கிடையாது. சோப்புத் தண்ணீரில் தொட்டுத் துடைத்து, உலர்ந்த இன்னொரு நுனியால் ஒற்றி எடுங்கள். தையல் மிஷினில் பல் இடுக்கில் சேரும் பஞ்சுத் தூசிக்கும் அதுவே சரி.