வெள்ளோட்டம் பார்க்கும் ஊருக்கும் பங்கு உண்டு

அமெரிக்க நாடகத் தொழிலுக்குத் தலைமைச் சந்தை நியூயார்க் நகரின் பிராட்வே வட்டாரம். அங்கே சுமார் 40 அரங்குகள் உள்ளன. ஓர் இசை நாடகம் அங்கே விலைபோய்விட்டால் ஆண்டுக்கணக்கில் ஓடும். விலைபோகாவிட்டால் போட்ட முதல் அத்தனையும் முழுகிவிடும். ஆகவே பெரிய தயாரிப்பாளர்கள் பலர் புது நாடகத்தை நேரே அங்கே இறக்குவதில்லை. வேறோர் ஊரில் சில வாரம் நடத்திப் பார்த்து, குறைகளைச் சரிசெய்துகொண்டு பிறகே கொண்டு செல்கிறார்கள். புதுத் தேரை முதலில் இழுத்துப் பார்ப்பதை நாம் வெள்ளோட்டம் என்கிறோமே, அதே காரியந்தான்.

அப்படியொரு நாடகம் முதலில் தங்கள் ஊரில் அரங்கேறப் போகிறது என்றால் அவ்வூரார் அடையும் உற்சாகத்துக்கு அளவில்லை. நியூயார்க்வாசிகளுக்கு முன்பே நாம் பார்க்கிறோம் என்ற பெருமை அது. இந்த உற்சாகம் நியாயமானதே என்பது நம் கருத்து. ஆனால் வியாபாரக் கண்ணோடு பார்த்தால், பெருமையை விடப் பெரிய விஷயம் ஒன்று அதில் இருக்கிறது. அந்தச் சரக்கைத் தரப்படுத்துவதில் ஊராருக்கும் பங்கு உண்டு என்பதே அது.

1943ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று நியூ ஹேவன் நகரின் ஷூபர்ட் அரங்கில் 'அவே வீ கோ' என்ற இசை நாடகம் அரங்கேறியது. நியூயார்க்கிலிருந்து வந்து பார்த்த தொழில்காரர்களில் சிலர், இது தேறாது என்று சொல்லிப் போனார்கள். நாடகக் குழுவினர் மனம் தளரவில்லை. அடுத்து பாஸ்டன் நகரிலும் நடத்தி, பாடல்களையும் காட்சிகளையும் திருத்தினார்கள். பெயரையே மாற்றினார்கள். அதே மார்ச் 31 அன்று 'ஓக்லஹோமா' என்ற பெயரில் பிராட்வேயில் ஏறிய அந்நாடகம் 2,212 காட்சிகள் ஓடியது. பெரிய சந்தையில் கண்ட இலாபத்துக்குச் சின்ன ஊர்களில் கொட்டாவி விட்டவர்களும் கைதட்டியவர்களும் காரணம் என்பதில் ஐயமில்லை.

சியாட்டில் நகரின் கதை வணிகர்களாகிய நாம் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டியது. 2002ஆம் ஆண்டு கோடையில் 'ஹேர்ஸ்ப்ரே' என்ற இசை நாடகம் அங்குள்ள ஃபிஃப்த் அவென்யூ அரங்கில் வெள்ளோட்டம் கண்டது. ஆகஸ்ட் 15 அன்று பிராட்வேயில் ஏறியது. மறு ஆண்டு 8 டோனி விருதுகளைப் பெற்று, 2009 ஜனவரி வரை 2,642 காட்சிகள் ஓடியது. சியாட்டில் மக்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அந்த அரங்கு எப்படி அங்கே நின்றது என்பதைப் பார்க்க வேண்டாமா? 1926இல் கட்டிய அரங்கு அது. பின்னாளில் சினிமாக் கொட்டகையாக நடந்து, 1978இல் மூடப்பட்டது. உள்ளூர் நிறுவனங்கள் 43 ஒன்றுசேர்ந்து, சீரமைப்புக்கான கடனுக்குப் பொறுப்பேற்றன. இலாபம் பிரித்துக்கொள்ளாத சங்கம் ஒன்று அமைத்து, 1980இல் அரங்கை மீண்டும் திறந்தார்கள். 22 ஆண்டுகள் கழித்தே 'ஹேர்ஸ்ப்ரே' வந்தது. எந்த நாடகம் வரும் என்று தெரியாமலே ஊர் வணிக உலகம் களத்தைத் தயார் செய்து வைத்திருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் தோள் கொடுத்தால் ஒருவரால் ஆகாதது ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லா வெள்ளோட்டமும் பலிப்பதில்லை. அதே அரங்கில் 2007இல் நடந்த 'லோன் ஸ்டார் லவ்' பிராட்வே போகாமலே நின்றுவிட்டது. 1966இல் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபானிஸ்' நாடகத்தை பிலடெல்பியாவிலும் பாஸ்டனிலும் நடத்திப் பார்த்தார்கள். எவ்வளவு திருத்தியும் தேறவில்லை. பிராட்வேயில் நுழைவுச் சீட்டுகள் ஏராளமாக முன்பதிவாகியிருந்தும், 4 முன்னோட்டக் காட்சிகளோடு தயாரிப்பாளர் டேவிட் மெரிக் அதை மூடிவிட்டார். மட்டச் சரக்கை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதைவிட நட்டத்தை ஏற்பது மேல் என்று கடையை இழுத்துச் சாத்தினார். இதுவும் வியாபார தருமந்தான்.

நாடகம் நடக்கும் வாரங்களில் அரங்கைச் சுற்றியுள்ள உணவுக்கடை, தங்கும் விடுதி, வாடகைக் கார் எல்லாவற்றுக்கும் வரும்படி உண்டு. ஆயினும் அது சில வாரத்து வரும்படி. அதை நம்பி முதலைப் பெருக்குவது புத்திசாலித்தனம் அன்று. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் அரங்கே அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு நிலையான வாடிக்கை.

முழுக்கட்டணம் வாங்கிக்கொண்டு அரைகுறைச் சரக்கைக் காட்டலாமா என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானது. இது வெள்ளோட்டம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பார்ப்பவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் அது ஏமாற்று ஆகாது.

இந்த இடத்தில் நம் கடைகளை எண்ணிப் பார்ப்போம். புது சோப்பு, புது பிஸ்கட், புது மசாலாப் பொட்டலம் எதுவானாலும் கம்பெனிகள் வெள்ளோட்டம் விடுவது நம் அலமாரியில்தான். வாங்கியவர் முகம் சுளித்தால் முதலில் காண்பவர் கடைக்காரரே. ஆனால் ஆர்டர் எடுக்க வரும் பிரதிநிதி, "எத்தனை பெட்டி?" என்று கேட்கிறாரே தவிர, "வாங்கியவர் என்ன சொன்னார்?" என்று கேட்பதில்லை. ஓடாத சரக்கு காலாவதியாகி நம் தலையிலேயே நிற்கிறது.

வெள்ளோட்டம் பார்க்க நம் கடை வேண்டுமென்றால், நம் சொல்லுக்கும் மதிப்பு வேண்டும். ஓடாத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உறுதியும் வேண்டும். தனிக்கடையாக நின்று இதைக் கேட்டால் நடக்காது. சியாட்டில் நிறுவனங்களைப் போல் சங்கமாகச் சேர்ந்து நின்று கேட்போம்.