மலை ஏறினால் வரும் கோளாறு

கொல்லிமலையில் நின்றுபோன வண்டியைக் கீழே கொண்டுபோய்ப் பழுது பார்ப்பதைப் போல வீண்வேலை வேறில்லை. வாழவந்தி நாட்டில் விடியற்காலை கால் ஓயும்வரை உதைத்தும் எடுக்காத வண்டி, டெம்போவில் ஏறி எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காரவள்ளி தாண்டிச் சேந்தமங்கலம் போய்ச் சேர்வதற்குள் வெயிலில் நன்றாகக் காய்ந்துவிடும். மெக்கானிக் ஒரே உதைதான் உதைப்பார், எடுத்துக்கொள்ளும். "வண்டி நல்லாத்தானே இருக்குதுங்கண்ணா" என்பார். வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு காயிலை மாற்றி அனுப்புவார். அடுத்த பனியில் மறுபடியும் அதே கதை.

பழைய வண்டியின் இக்னிஷன் கோளாறில் பாதி இப்படிப்பட்டது. அது எந்த நிலைமையில் வந்ததோ, அந்த நிலைமையில்தான் மறுபடி தலைகாட்டும். ஈரத்தில் வருவது ஒரு வகை, சூட்டில் வருவது இன்னொரு வகை. எந்த வகை என்று தெரிந்துவிட்டாலே ஸ்பேனர் எடுப்பதற்கு முன் பாதி வேலை முடிந்தது.

செம்மேட்டுப் பக்கம் மார்கழி மூடுபனியில் வருவது ஈரக் கோளாறு. காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் வயரில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் ஓடுகிறது. அத்தனை அழுத்தத்தில் ஓடும் கரண்டுக்கு ஒரு மயிரிழை வெடிப்பு போதும். வயரின் ரப்பர் பழுத்து வெடித்திருந்தால், பிளக் கேப்பின் மேல் அழுக்குப் படிந்து அதில் பனி இறங்கியிருந்தால், பிளக்கின் முனை வரை போகாமல் பக்கத்திலேயே எஞ்சினில் எர்த் ஆகிவிடும். இதைப் பார்க்க மீட்டர் தேவையில்லை, இருட்டு போதும். இருட்டுக்கு இந்த மலையில் பஞ்சமும் இல்லை. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வண்டியை ஓடவிட்டு வயரை உற்றுப் பாருங்கள். நீலமாக ஏதாவது நெளிந்தால் ஓட்டை அங்கேதான். காய்ந்த நாளாக இருந்தால் வயர் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். கீழே கடையில் வண்டியைக் கொடுப்பவர்களும் இந்த ஒன்றைக் கேட்டுச் செய்ய வைத்தால் காயில் காசு மிச்சமாகும். வயரின் முனையை அரை அங்குலம் வெட்டிப் புது கேப் திருகினால் பெரும்பாலும் தீர்ந்தது. கேப்புக்குள் ஐயாயிரம் ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கலாம். அது அறுந்துபோயும் வெளியில் பளபளவென்று நிற்கிற கேப்புகள் உண்டு.

சூட்டில் வருவது இதற்கு நேர் எதிர். காரவள்ளியில் ஜோராகக் கிளம்பும், முப்பதாவது வளைவு வரை மூச்சு வாங்காது. நாற்பதுக்கு மேல் மிஸ்ஸாக ஆரம்பித்து ஓரிடத்தில் அடங்கிவிடும். அரை மணி நேரம் குரங்குகளை வேடிக்கை பார்த்துவிட்டு உதைத்தால் ஒன்றும் நடக்காததுபோல எடுக்கும். பாயிண்ட் வைத்த வண்டியானால் என் சந்தேகம் முதலில் கண்டன்சர் மேல்தான் போகும், அடுத்துதான் காயில்.

பாயிண்ட் முறையைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்களுக்காக ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் கெட்டரிங். பேட்டரியின் சின்ன வோல்ட் காயிலில் ஓடிக்கொண்டிருக்கும். பாயிண்ட் சட்டென்று திறந்ததும் அந்த ஓட்டம் அறுபடும், அந்த அதிர்ச்சியில் இரண்டாவது சுற்றில் பெரிய வோல்ட் பிறக்கும். அறுபடுவது சட்டென்று அறுபட வேண்டும், அதற்குத்தான் கண்டன்சர். அது செத்தால் பொறி பிளக்கில் விழாமல் பாயிண்டிலேயே விழும். மூடியைத் திறந்தால் பாயிண்ட் முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் போனால் சில நாள் ஓடும். கண்டன்சரை மாற்றாமல் பாயிண்டை மட்டும் மாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி, ஹெட்லைட்டுக்கு மேலேயே இருக்கும் ஆம்பியர் மீட்டர். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் சேரும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையென்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட் சேரவில்லை. சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட். ஒரு முள் இவ்வளவு சொல்லும்போது பலர் அதை அலங்காரமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பிளக்கைக் கழற்றி ஹெட்டின் மேல் வைத்துக் கிக்கரை மிதித்து, "கரண்ட் வருதுங்க, பெட்ரோலைப் பாருங்க" என்று தீர்ப்புச் சொல்வது எல்லா ஊரிலும் வழக்கம். வெளியே விழும் பொறி உள்ளேயும் விழும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் காற்று பல மடங்கு நெருக்கப்பட்டிருக்கும். நெருங்கிய காற்றைத் தாண்டக் கூடுதல் வோல்ட் வேண்டும். காற்றின் அழுத்தத்துக்கும் இடைவெளிக்கும் வோல்ட்டுக்கும் உள்ள இந்த உறவை 1889இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் பாஷென் ஆராய்ந்து சொன்னார். அதனால் பிளக்கின் சின்ன இடைவெளியில் மஞ்சளாகத் தள்ளாடும் பொறியை நம்பக் கூடாது. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியை நீலமாகச் 'சடக்'கென்று தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கும்போது பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். அந்தத் துளை வழியே பெட்ரோல் ஆவி வரும்.

கரண்டில் குற்றமே இல்லாமல் மலை செய்கிற குறும்பும் உண்டு. வாழவந்தி நாடு கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று பத்தில் ஒரு பங்காவது மெலிந்துபோகும், கார்புரேட்டரோ சமவெளியில் விட்ட அளவிலேயே பெட்ரோலை விடும். சோளக்காடு சந்தைக்குப் பலாப்பழ மூட்டையோடு முதல் கியரில் முக்கி ஏறுகிற டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கேட்கவே வேண்டாம், எண்ணெயும் கரியும் சேர்ந்து பிளக் அட்டைக்கரியாகிவிடும். கரி கரண்டைக் கடத்தும். பொறி இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியே இறங்கிவிடும். காயிலும், பாயிண்டுக்குப் பதிலாக வந்த சி.டி.ஐ பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும், பிளக்கைத் துடைத்தால் ஓடும். மலைமேலேயே குடியிருக்கும் வண்டிக்குக் கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கி வைப்பதுதான் சரி. கீழே இறங்கி நெடுந்தூரம் ஓட்டுவதானால் பழையபடி ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் சுடும்.

சி.டி.ஐ வந்த பிறகு பாயிண்டும் கண்டன்சரும் வழக்கொழிந்தன, கூடவே திறந்து பார்க்கும் வழியும் அடைந்தது. தாரில் புதைத்த அந்தக் கறுப்புப் பெட்டியைச் சோதிக்க ஊரில் ஒரே வழி, அதே மாதிரி வண்டியிலிருந்து நல்ல பெட்டியைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான். அதற்கு முன் அதன் எர்த் வயரையும் கில் சுவிட்சையும் பார்த்துவிடுவது நல்லது. கில் சுவிட்சில் ஈரம் இறங்கி வண்டி நிற்பது இங்கே சாதாரணம்.

இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் சாவியை அணைத்துவிட்டு, கியரிலேயே உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. கியரில் இருக்கும்வரை பிஸ்டன் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பெட்ரோலும் கொஞ்சம் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கும். எரியாத பெட்ரோல் பிளக்கை நனைத்துவிட்டுச் சைலன்சரில் போய்ச் சேரும். காரவள்ளியில் சாவியைத் திருப்பியதும் டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வெடி. அப்புறம் மிஸ்ஸாகிறது என்று நேராக மெக்கானிக்கிடம் போய், டைமிங் போய்விட்டது என்பார்கள்.