குரலே மேடை

திரை இல்லை, அரிதாரம் இல்லை, முன் வரிசைக்கு முட்டி மோத வேண்டியதும் இல்லை. நாடகம் பார்க்கப் போன உங்கள் கையில் ஒரு டெலிபோனைக் கொடுத்து, "வெளியே போய் நில்லுங்கள்" என்று அனுப்பினால் என்ன செய்வீர்கள்? டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பீர்கள் அல்லவா? 2005-ஆம் ஆண்டு பெர்லின் நகரத்தில், ஹெபல் ஆம் உஃபர் நாடகசாலையில் இந்தக் கூத்து நிஜமாகவே நடந்தது.

நாடகத்தின் பெயர் 'கால் கட்டா'. வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைக்குப் போடப் பார்க்கும் கால்கட்டு அல்ல. டெலிபோன் 'கால்' என்பதையும் கல்கத்தாவையும் முடிச்சுப் போட்ட பெயர். ஆனால் நம் அர்த்தமும் பொருந்தாமல் இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒருவருடைய கால்களை இன்னொருவருடைய குரல் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது!

போட்டவர்கள் ரிமினி புரோட்டோகோல் என்ற குழுவினர். தொழில் நடிகர்களை விட்டுவிட்டு, ஒரு வேலையை அன்றாடம் செய்கிறவர்களையே நடிக்க வைப்பது அவர்கள் வழக்கம். இதில் நடித்தவர்கள் கல்கத்தாவில், சால்ட் லேக் பகுதியில், ஒரு கால் சென்டரில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இளைஞர்களும் யுவதிகளுந்தான்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இவள் இருப்பது கல்கத்தாவில்; பார்வையாளர் நடப்பது சுமார் 7,000 கிலோ மீட்டருக்கு அப்பால். "இடப்பக்கம் திரும்புங்கள், அந்தச் சுவரைத் தாண்டுங்கள்" என்று தெருத் தெருவாக இவள் வழி சொல்ல வேண்டும். நடக்கிறவர் தயங்கினாரா, வழி தப்பினாரா என்பதை வண்டிச் சத்தத்திலும் மூச்சிரைப்பிலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடுவே கதையும் சொல்ல வேண்டும். 1941-இல் நேதாஜி பெர்லினுக்கு வந்து சேர்ந்த கதை. ஹிட்லரின் தலைநகரில் இந்திய விடுதலைக்கு ஆதரவு தேடிய காலம் அது. தம் ஊர்த் தெருவுக்கும் வங்காளத்துக்கும் இப்படியொரு பந்தம் உண்டென்பதை அந்த ஊர்க்காரருக்குக் கல்கத்தாக் குரல் எடுத்துச் சொல்கிறது!

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்த நாட்களில் கால் சென்டர்ப் பெண்கள் பலர் இரவல் வெள்ளைக்காரப் பெயர் வைத்துக்கொண்டு, இருக்கும் ஊரையும் மறைத்துப் பேச வேண்டியிருந்தது. ஆபீஸில் அதுதான் நடிப்பு. நாடகத்திலோ, "நான் கல்கத்தாவிலிருந்து பேசுகிறேன்" என்ற உண்மையே வசனமாகிவிட்டது. வேடிக்கையாக இல்லை?

மத்தியானம் கண் அசரும் வேளையில், "கடன் வேண்டுமா, மேடம்?" என்று டெலிபோன் செய்கிறவளிடம் எரிந்து விழுகிறோமே, அவளுக்கும் இந்த நடிகைக்கும் பிழைப்பு ஒன்றே: முன்பின் தெரியாதவர் டெலிபோனை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. மேடை நடிகருக்கு ஆயிரம் பேரில் பத்துப் பேர் எழுந்து போனால் நஷ்டமில்லை. இவளுக்கு இருப்பதோ ஒரே ரசிகர். அவர் வைத்துவிட்டால் கொட்டகையே காலி! சரி, சம்பளம் வாங்கிக்கொண்டு காட்டும் சிநேகம் பொய்தானே என்பீர்கள். ஆஸ்பத்திரி நர்ஸின் பரிவை அப்படிச் சொல்ல உங்களுக்கு மனம் வருமா? எனக்கு வராது.

2008-இல் அதே குழுவினர் தெருவை விட்டுவிட்டு, ரசிகரை ஓர் ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார்கள். டெலிபோன் மணி அடிக்கும். பேசிக்கொண்டே இருக்கும்போது அறையிலிருக்கும் கெட்டிலில் தண்ணீர் தானாகக் கொதிக்கும். ஸ்விட்சைப் போட்ட கை இருப்பது இந்தியாவில்! வந்த விருந்தாளிக்குத் தேநீர்த் தண்ணீர் வைக்கும் நம் புத்தி கடல் கடந்தும் போகவில்லை, பாருங்கள்.

பிறகு 2020-இல் கொரோனாவால் கொட்டகைகள் மூடிக் கிடந்தபோது, பாரிஸில் தியேட்டர் த லா வில் நடிகர்கள் வீட்டிலிருந்தபடியே டெலிபோனை எடுத்தார்கள். பெயர் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று டாக்டர் மாதிரி விசாரிப்பார்கள். கேட்டு முடித்ததும் மருந்துக்குப் பதிலாக, அந்த ஒருவருக்கென்றே தேர்ந்தெடுத்த கவிதை ஒன்றைப் படித்துக் காட்டுவார்கள். எந்தக் கவிதை என்பது, எதிர்முனையில் இருப்பவர் வாய் திறந்து பேசிய பிறகுதான் தீர்மானமாகும்.